சைடிங்குக்குத் தனி வயர் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மாடல் ரயில் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் எழுத ஆள் கிடைத்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால், தண்டவாளத்தில் இரண்டு வயர் கொடுத்தால் போதும் என்று மின் இணைப்பை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வட்டமாக ஒரு பாதை மட்டும் என்றால் சரி. மெயின் லைனிலிருந்து பிரிந்து வண்டிகளை நிறுத்தும் கிளைப்பாதை, அதாவது சைடிங் வந்துவிட்டால் அது போதாது. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வீட்டில் 16.5 மி.மீ. கேஜில் (தண்டவாள இடைவெளி) மாடல் ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், புது இன்ஜின் பழுதாகிவிட்டது என்று வாடிய முகத்தோடு வந்தான். மெயின் லைனில் ஜோராக ஓடுகிறதாம், சைடிங்கில் திக்கித் திக்கி நின்றுவிடுகிறதாம். போய்ப் பார்த்தேன். காலி சைடிங்கில் மல்டிமீட்டர் முழு 12 வோல்ட் காட்டியது. இன்ஜினை ஏற்றி ஓட்டினால் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆக, குறை இன்ஜினில் இல்லை, மின்சாரம் வரும் வழியில்தான்.

பாதை பிரியும் இடமான பாயின்ட்டுகள் பலவற்றில், வண்டியைத் திருப்ப அசையும் டங் ரெயில் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுகிற அந்த ஓர் இடத்தின் வழியாகத்தான் சைடிங்குக்கு மின்சாரம் போகிறது. அங்கே கொஞ்சம் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் போச்சு. அப்புறம் வரிசையாக, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டுகள். நாளாக ஆக அவையும் தளர்ந்து கறுத்துப்போகும். இவற்றை நம்பக் கூடாது.

பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வயரில் சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றும் மெயினாக ஓட்டுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு சைடிங்குக்கும் மெல்லிய வயர் இரண்டு. பாயின்ட்டைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளத்திலும் உலோக ஃபிஷ் பிளேட்டை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் போடுங்கள். நிஜப் பாதையில், வண்டி நிற்பதை மின்சாரத்தால் கண்டறியும் ட்ராக் சர்க்யூட்டைப் பிரிக்க நாங்கள் போட்ட இன்சுலேட்டட் ஜாயின்ட்டுக்கும் இதே வேலைதான். சாதாரண டிசி கன்ட்ரோலர் என்றால் சிவப்பு வயரில் ஒரு சுவிட்ச் வையுங்கள். அதை அணைத்தால் அந்த இன்ஜின் நின்ற இடத்தில் நிற்கும், மெயின் லைனில் வேறு வண்டி ஓட்டலாம். சால்டரிங்கைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் செய்யுங்கள். உள்பக்கம் சக்கர விளிம்பு ஓடுகிற இடம்.

இரண்டு முனையிலும் பாயின்ட் உள்ள லூப் லைனில் இன்னும் கவனம் வேண்டும். பாயின்ட்டில் இரண்டு தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டும் இடமான கிராசிங் உலோகத்தால் ஆனது என்றால், பாயின்ட்டைத் திருப்பும்போது அதன் துருவமும் மாறும். ஒரு முனை மெயினுக்கும் மறுமுனை லூப்புக்கும் திரும்பியிருந்து, நடுவில் இன்சுலேஷனும் இல்லையென்றால் நேராக ஷார்ட். அதனால் கிராசிங்கிலிருந்து கிளம்பும் இரண்டு தண்டவாளத்தையும் பிரித்தே ஆக வேண்டும். பிரித்த மெயின் லைன் பகுதிக்கும் தனி வயர் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக டிஜிட்டலாக இயக்கும் டிசிசி முறையில் பாதை முழுக்க எப்போதும் மின்சாரம் இருக்கும் என்பதால் சுவிட்ச் அவசியமில்லை. ஆனால் வயர் இன்னும் நன்றாக இருக்க வேண்டும். சைடிங்கின் கடைசியில் ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அந்தக் கணமே கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் உடனே நாணயத்தை எடுத்துவிட்டு வயரைக் கூட்டுங்கள். வோல்டேஜ் குறைவுதானே என்று விட்டுவிட முடியாது. ஷார்ட்டில் சில ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் பிளாஸ்டிக் உருகும்.

அந்தப் பையனின் சைடிங்குக்கு இரண்டு வயர் சால்டர் செய்தோம், இன்ஜின் கடைசி வரை சீராகப் போகிறது. அடுத்த கட்டுரையில் ஒரு வயரிங் படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். வரைந்து தர நான் தயார்.

ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
விழுப்புரம்.