வெளிநாட்டு வேலைக்கு வெறும் சான்றிதழ் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கணினித் துறையில் இருக்கும் நம் பெண்கள் வெளிநாட்டு வேலைக்குத் தயாராவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் படிப்புக்கு மதிப்பு, எந்தச் சான்றிதழ் வாங்கலாம், நேர்காணலில் எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் முக்கியமான ஒன்றை அந்தக் கட்டுரை தொடவே இல்லை. நம் வேலையை அறிந்த ஒருவர் அந்த ஊரில் இருக்கிறாரா என்பதுதான் அது. ஆண்களுக்கு இந்த அறிமுகம் பாதி தானாகவே அமைந்துவிடுகிறது. பெண்கள் முயன்று தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் இன்னும் இரண்டு கோர்ஸ் படி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், நம் பிள்ளைகள் படித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். ஆன்சைட்டுக்கு, அதாவது வாடிக்கையாளரின் நாட்டுக்கே போய் வேலை செய்ய, யார் போவது என்பது பெரும்பாலும் மீட்டிங்கில் முடிவாகாது. டீக்கடை வாசலிலும், வார இறுதி கிரிக்கெட்டிலும், டீம் பார்ட்டியில் இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் பேச்சிலும் முடிவாகிவிடும். ஆபீஸ் கேபைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேர முடியாத பெண் அங்கே எப்படி இருப்பாள்? என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு வாய்ப்பு வந்தது. "அவங்களுக்குக் குழந்தை இருக்கு, போக மாட்டாங்க" என்று வேறு யாரோ சொல்லி, அது கைமாறிப்போனது. எனக்கே அது பிற்பாடுதான் தெரிந்தது. அப்படிச் சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. "எதுக்கும் அவங்களையே கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்ல அந்த இடத்தில் ஒருவர்கூட இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்டனை ஒட்டிய ஓர் ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் சொன்னது நெருங்கிய நண்பர் இல்லை; எப்போதாவது பார்க்கிற, அரைகுறைப் பழக்கம் உள்ள ஒருவர். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம் உள்ளவருக்குத்தான் நமக்குத் தெரியாத இடத்துச் செய்தி தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் விசாரித்தவர்கள் எல்லோருமே ஆண்கள். நம் ஊர்ப் பெண்ணுக்கு நெருங்கிய உறவுகளுக்குக் குறைவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அது இரட்டிப்பாகிறது. குறைவது இந்த அரைகுறைப் பழக்கம்தான். கூட வேலை பார்த்த ஓர் ஆணுக்கு வருடத்துக்கு ஒரு தடவை "எப்படி இருக்கீங்க?" என்று மெசேஜ் போடக்கூட யோசிக்க வேண்டிய வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன.

பெண்கள் இதைத் தாங்களே உருவாக்கிக்கொண்ட வரலாறும் இருக்கிறது. 1987இல் இயங்குதளங்கள் பற்றிய ஒரு மாநாட்டுக்குப் போன அமெரிக்கக் கணினி அறிஞர் அனிதா போர்க், அங்கே பெண்கள் எவ்வளவு குறைவு என்பதைப் பார்த்தார். வந்திருந்த சிலர் ஒன்றுகூடிப் பேசினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கக் கூடாது என்று மின்னஞ்சல் வழியாக 'சிஸ்டர்ஸ்' என்ற குழுவை அவர் தொடங்கினார். 1994இல் டெல்லி விட்னி என்ற இன்னொரு கணினி அறிஞரோடு சேர்ந்து, கணினித் துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டை வாஷிங்டனில் நடத்தினார். முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 500 பேர். பின்னாளில் அது பல்லாயிரம் பேர் கூடுகிற இடமாக வளர்ந்தது.

நான் நெதர்லாந்து வந்து சேர்ந்ததும் அறிமுகத்தால்தான். யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய 'திறந்த மூல' (ஓப்பன் சோர்ஸ்) டெஸ்டிங் மென்பொருள் ஒன்றில் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் பொறுப்பில் இருந்த ஒரு பெண்மணிக்கு என் முகம் தெரியாது, என் கோடிங் தெரியும். அவருடைய நிறுவனத்தில் இடம் காலியானபோது என் பெயரைச் சொன்னார். நேர்காணலில் எந்தச் சலுகையும் இல்லை, எல்லோரையும் போலத்தான் எனக்கும் நடந்தது. ஒரு ரெஃபரல், அதாவது உள்ளே இருப்பவரின் பரிந்துரை, செய்வது இவ்வளவுதான்: குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களில் நம்முடையதை ஒரு மனிதர் நிஜமாகவே படிக்கும்படி செய்கிறது. கல்லூரியில் இருக்கும் பெண்களுக்கு 'அவுட்ரீச்சி' திட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். வீட்டிலிருந்தே திறந்த மூலத் திட்டங்களில் மூன்று மாதம் ஊதியத்தோடு பயிற்சி பெறலாம். விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே, சேர நினைக்கும் திறந்த மூல மென்பொருளுக்கு ஏதாவது வேலை செய்து காட்ட வேண்டும். விசா இல்லாமல், ஊரை விட்டு நகராமல், இன்னொரு நாட்டில் நம் வேலையை அறிந்தவர்கள் கிடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

லிங்க்ட்இன்னில் எனக்கு நம் ஊர்ப் பெண்களிடமிருந்து நிறைய மெசேஜ் வருகிறது. பெரும்பாலும் "ஹாய் மேம், உங்க கம்பெனில ஓப்பனிங் இருக்கா?" என்பதோடு நின்றுவிடும். உதவி செய்ய எனக்கு மனமிருந்தும் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடிவதில்லை. எந்த வேலை என்று அறிவிப்பின் இணைப்பைக் கொடுங்கள். அதற்குப் பொருத்தமாக நீங்கள் செய்த ஒரு வேலையை இரண்டு வரியில் எழுதுங்கள். பதில் சொல்லச் சுலபமான ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த டீமில் டச்சு மொழி வேண்டுமா என்பது அப்படி ஒரு கேள்வி. அப்புறம், வேலை தேவைப்படாத காலத்திலும் ஒரு வார்த்தை விசாரித்து வையுங்கள். வேலை போன பிறகு புதிதாகப் பழக நேரம் இருக்காது. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் பொதுவாகக் கிடைக்கிற அவகாசம் அதிகபட்சம் 60 நாள்தான்.

விசா பற்றியும் கட்டுரை போதுமான அளவு பேசவில்லை. குடும்பமாகப் போகும்போது, கூடப் போகிறவருக்கு அங்கே வேலை செய்யும் உரிமை உண்டா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு எச்-1பி கணவரோடு எச்-4 என்ற குடும்ப விசாவில் போகும் மனைவி, 2015 மே மாதம் வந்த விதியின்படி, கணவரின் கிரீன் கார்டு நடைமுறை ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய பிறகுதான் வேலை அனுமதி கேட்க முடியும். அதற்குள் எத்தனையோ நல்ல புரோகிராமர்கள் வருடக்கணக்கில் வீட்டில் முடங்கிவிடுகிறார்கள். சிங்கப்பூரும் 2021 மே முதல், சார்ந்தோர் பாஸில் (குடும்பத்தினருக்கான அனுமதியில்) இருப்பவர் வேலைக்குப் போகத் தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும் என்று மாற்றிவிட்டது. நெதர்லாந்தில் திறன்மிகு பணியாளராக வருபவரின் துணைவர் தனி அனுமதி வாங்காமலே வேலை செய்யலாம். ஜெர்மனியில் நீல அட்டையில் (படித்த பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதியில்) வருபவரின் துணைவருக்கும் அந்த உரிமை உண்டு. நெதர்லாந்துக்கு நான் முதலில் வந்தேன், என் கணவர் பின்னால் வந்தார், இங்கேயே வேலையும் தேடிக்கொண்டார். இந்த நாட்டில் விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் குடியேற்றத் துறையே வெளியிடுகிறது. 30 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு, இந்த விசா கிடைக்கத் தேவையான குறைந்தபட்சச் சம்பள வரம்பும் குறைவு. கல்யாணம், குழந்தை என்று பெண்கள் ஒதுங்குகிற வயதும் அதுதான் என்பதால், முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ பேர் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பார்கள். அரசு இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அங்கே ஏற்கெனவே போன ஒரு அக்கா எடுத்துச் சொல்லும்போதுதான் அது நமக்குரிய வழி என்று தோன்றுகிறது.

இதற்கெல்லாம் சர்வதேச மகளிர் அமைப்புகளை மட்டும் நம்பியிருக்க முடியாது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான உறுப்பினர்கள் கொண்ட 'விமன் ஹூ கோட்' 2024 ஏப்ரலில் நிதி இல்லாமல் மூடப்பட்டது. அதே ஆண்டில் 'கேர்ள்ஸ் இன் டெக்' அமைப்பும் மூடப்பட்டது. அதனால் நம் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களைத்தான் நான் கேட்கிறேன். வருடத்துக்கு ஒரு நாள் கூடிச் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைவதோடு நிற்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் யார், எந்த நாட்டில், எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று, அவர்களின் சம்மதத்தோடு ஒரு பட்டியல் வைத்திருங்கள். இறுதியாண்டு மாணவிகளை அவர்களோடு பேச வையுங்கள். சென்னை, கோவையின் பெரிய கல்லூரிகள் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். திருநெல்வேலியிலும் விருதுநகரிலும் தர்மபுரியிலும் இருக்கும் சின்னப் பொறியியல் கல்லூரிகளில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பெண்ணுக்கு இந்தப் பட்டியல்தான் முதல் அறிமுகம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. எந்தெந்த நாட்டில் துணைவருக்கு வேலை உரிமை இருக்கிறது, வேலை போனால் எத்தனை நாள் அவகாசம் என்ற விவரங்களை நாடு வாரியாக ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் போட்டால் நல்லது. நெதர்லாந்துப் பகுதியைச் சரிபார்த்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஐண்ட்ஹோவன், நெதர்லாந்து