கோத்தகிரியிலிருந்து ஒரு நன்றி

உங்கள் புனைபெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதையும் போட வேண்டாம் என்றீர்கள், சரி.

போன மழைக்காலத்தில், கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரி, நீங்கள் பராமரிக்கும், தமிழ் எழுத்துரு மாற்றும் அந்தத் திறமூல (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய) மென்பொருளுக்கு என் முதல் திருத்தத்தை அனுப்பினேன். மொத்தம் மூன்றே வரி, அதில் ஒன்று தப்பு. நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை. அந்த வரி எங்கே உடையும் என்று எழுதி, சோதனையை எப்படி ஓட்டுவது என்றும் காட்டினீர்கள். திருத்தத்தை இணைத்த கையோடு, "அடுத்து வருவதை நீங்களே பார்த்துச் சொல்லுங்களேன்" என்றீர்கள். அதில்தான் விழுந்தேன்.

அப்புறம் மாதக்கணக்கில் பிழைப் புகார்களைப் பிரிக்கும் வேலை. திருத்தங்களை நானே இணைக்கும் உரிமையைத் தர ஏன் இவ்வளவு இழுக்கிறீர்கள் என்று எரிச்சல்கூட வந்தது. 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் திறமூல மென்பொருளில் பின்கதவு, அதாவது கள்ளத்தனமாக நுழைய ஒளித்துவைத்த வழி, கண்டுபிடிக்கப்பட்ட கதையைப் படித்ததும் அடங்கிவிட்டேன். களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளர். உதவுவதுபோல் வந்து, பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் குழி பறித்த ஒருவர்.

வீட்டில் இன்னமும் "காசு வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். வராது.

இங்கே கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் வந்தால் சொல்லுங்கள். வர்க்கியும் டீயும் என் செலவு.