ரீயூனியன் போன எங்கள் பாட்டனைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எள்ளுத்தாத்தாவின் தம்பி காரைக்காலிலிருந்து கப்பலேறிப் போனார் என்பது மட்டும்தான் எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. எந்தத் தீவு, என்ன ஆனார், பிள்ளைகுட்டி உண்டா, ஒன்றும் தெரியாது. இன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் அவர் வம்சத்தாரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் காரணமான உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலில் புதுச்சேரி பிரெஞ்சு வாத்தியார் ஐயாவுக்கு. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, 1860-இல் இந்தியாவிலிருந்து ஆள் அனுப்பப் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டது, 1882-இல் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவது நின்றது எல்லாவற்றையும் சொல்லி, எந்த ஆண்டுகளில் தேட வேண்டும் என்று காட்டியவர் அவர்தான். ஆனந்தரங்கப் பிள்ளையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ரங்கப்புல்லே’ என்று எழுதியதைச் சொல்லி, “உங்க பாட்டன் பேருக்குப் பின்னால வர்ற பிள்ளையும் புல்லே ஆயிருக்கும், அப்படிப் பாருங்க” என்றார். அப்படித்தான் கிடைத்தது.

ரீயூனியன் தலைநகர் சேன்-துனியின் ஆவணக் காப்பக ஊழியர்களுக்கும் நன்றி. நாங்கள் கேட்ட பதிவேட்டுப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார்கள். பதிவு எண், பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், வயது, ஊர். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எங்கள் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

அப்புறம் அதே தீவில் சேந்த்-ஆந்த்ரே ஊரில் இருக்கும் அக்கா. இவர் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தோடு நின்றிருப்போம். நமக்கு அப்பா பெயர் இனிஷியல், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். அங்கே கப்பலை விட்டு இறங்கியவரின் சொந்தப் பெயரே வம்சத்துக்கெல்லாம் குடும்பப் பெயராகிவிட்டது. அதனால் அந்தப் பெயரிலேயே அவர் பிள்ளைகளைத் தேடினோம். இளையவர் கிடைத்தார், மூத்தவர் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் தாலி கட்டிய கல்யாணம் அரசுப் பதிவில் ஏறாவிட்டால் பிள்ளை பெரும்பாலும் அம்மா பெயரில்தான் பதிவானது என்று அக்கா விளக்கினார். மீனாட்சி என்பது அங்கே ஆண்களுக்கும் குடும்பப் பெயராக இருக்கிறது. சரி, அம்மா பெயரில் பார்ப்போம் என்று பார்த்தால், மூத்தவர் இருந்தார். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்!

பதிவேட்டில் அந்த மூத்தவர் ழோசப். ஆனால் வீட்டில் கூப்பிட இன்னொரு பெயர் உண்டு, கோயிலிலும் அதுதான். முன்னோருக்குப் படைக்கும் நாளில் சொல்வதற்காக அக்காவின் அம்மா அந்தப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது எங்கள் பெரியப்பா அழுதுவிட்டார். அது எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அண்ணன் இங்கேயும் தம்பி அங்கேயும், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலே, தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா பெயரை வைத்திருக்கிறார்கள். எந்த முத்திரை குத்திய காகிதத்தையும்விட எங்களுக்கு இதுதான் பெரிய சான்று.

ஊரில் பழைய நிலப் பத்திரங்களைத் தேடி எடுத்துத் தந்த பங்காளிகளுக்கும், குலதெய்வக் கோயில் பூசாரி ஐயாவுக்கும் நன்றி.

வரும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு அக்கா குடும்பத்தோடு காரைக்கால் வருகிறார். வாத்தியார் ஐயா உட்பட நீங்கள் எல்லோரும் அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வர வேண்டும்.