சிரப் ஒன்றும் அனுப்பாதே

மக்கா,

உன் மகளுக்கு ஏழாம் மாதம், சுகரும் இருக்கிறது, பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கால்சியம் சிரப் அனுப்பட்டுமா என்று நீ எழுதியதால்தான் இது கொஞ்சம் நீளப் போகிறது. இங்கே தக்கலையில் என் தம்பி மகளுக்குப் போன மாதம் ஆண் பிள்ளை. அவளுக்கும் சுகர்தான். இரண்டாம் நாள் பிள்ளையின் கையும் தாடையும் வெடவெடவென்று ஆட, குளிருகிறது என்று எல்லோரும் துணியைச் சுற்றப் போனார்கள். நர்ஸ் வந்து அந்தக் கையை மெல்ல மடக்கிப் பிடித்ததும் ஆட்டம் நின்றது. பிடித்தும் நிற்காவிட்டால் ஃபிட்ஸாக இருக்கலாமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் கால்சியம் 6.8, நிறைமாதப் பிள்ளைக்கு 8-க்குக் கீழே போனாலே குறைவுதான்.

வயிற்றில் இருக்கும்வரை கொடி வழியே தாயின் கால்சியம் போய்க்கொண்டே இருக்கும், கொடியை வெட்டியதும் அது நின்றுவிடும், ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைக்கிற பிள்ளையின் பாராதைராய்டு சுரப்பி சுறுசுறுப்பாக ஓரிரு நாள் பிடிக்கும். அதனால் எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும், தாய்க்குச் சுகர் இருந்தாலோ மாதம் திகையாமல் பிறந்தாலோ இறக்கம் கூடிப்போகும். கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாகத்தான் ஏற்றினார்கள், நர்ஸ் ஒரு கண்ணை மானிட்டரிலும் ஒரு கண்ணை ஊசி குத்திய இடத்திலும் வைத்திருந்தார். வேகமாகப் போனால் இதயத் துடிப்பு குறையும், வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும். இப்போது பிள்ளை சுகம், நல்லா பால் குடிக்கிறான்.

சரி, மஸ்கட்டிலிருந்து கால்சியம் சிரப் அனுப்பட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம். நிறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலில் உள்ள கால்சியம் போதும், அதில் குறைவது வைட்டமின் டி. பிறந்ததிலிருந்து ஒரு வயதுவரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுத்தால் போதும். ஆனால் கடையில் ஒரு மில்லிக்கு 400-ம் உண்டு, 800-ம் உண்டு, பாட்டிலைப் படிக்காமல் ஊற்றிவிடக் கூடாது. அப்புறம், பால் பற்றவில்லை என்று யாராவது பசும்பால் கொடுக்கச் சொன்னால் சம்மதிக்காதே. அதில் பாஸ்பரஸ் கூடுதல், முதல் வாரக் கடைசியில் கால்சியத்தை இறக்கி ஃபிட்ஸில் கொண்டுவிடும்.

மாத்திரை வேண்டியது உன் மகளுக்கு. சுகாதார நிலையத்தில் கொடுக்கிற 500 மில்லிகிராம் கால்சியம், நாளுக்கு இரண்டு, சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரையைக் கூடவே விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். மலச்சிக்கல் என்று இடையில் நிறுத்திவிடுவாள், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை போட வேண்டியது. நெத்தோலி அவியலை முள்ளோடு தின்னச் சொல், சுகர் இருப்பதால் மரச்சீனிக் கிழங்கு மட்டும் குறைவாக.

நீ டிக்கெட் எடுத்தாச்சா? பிரசவத்துக்கு முன்னாலேயே வந்துவிடு. பிள்ளைக்குச் சர்க்கரையும் கால்சியமும் எப்போது பார்ப்பார்கள் என்று டாக்டரிடம் நீயே கேள், அவள் கேட்க மாட்டாள்.