காத்திருக்கும் வாரங்களில் குடிநோய்க்கும் சிகிச்சை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுவால் வரும் கடுமையான கணைய அழற்சிக்கு, வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகச் சீழையும் அழுகிய திசுவையும் வடித்தெடுக்கும் சிகிச்சையைப் பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் ஸ்டென்ட் எனும் வடிகுழாயைப் பொருத்தும் நாளைப் பற்றியே பேசுகிறார்கள். அச்சிகிச்சையால் என் தம்பி பிழைத்ததை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

கணையத்தின் ஒரு பகுதி செத்துப்போய் அதில் கிருமித் தொற்றும் சேர்ந்தால், வயிற்றைத் திறந்து அதை அகற்றுவதே முன்பு வழக்கமாக இருந்தது. முதலில் வடித்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் திசுவை அகற்றும் படிப்படியான முறையில், பெருஞ்சிக்கலோ மரணமோ நேர்ந்தோரின் விகிதம் 69 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்ததை 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. அதே நாட்டின் 2018 ஆய்வில், எண்டோஸ்கோப்பி முறைக்கும் அறுவை முறைக்கும் இடையே இறப்பில் வேறுபாடு தெரியாவிட்டாலும், கணைய நீர் கசியும் புரைவழி ஏற்பட்டோர் அறுவை முறையில் 32 சதவீதமாகவும் எண்டோஸ்கோப்பி முறையில் 5 சதவீதமாகவும் இருந்தனர்.

ஆனால், இரைப்பையின் பின்சுவரைத் துளைத்து ஸ்டென்ட் வைப்பதற்கு, அழுகலைச் சுற்றி உறுதியான உறை உருவாகியிருக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். நோயாளியின் நிலை அனுமதித்தால் மருத்துவர்கள் காத்திருப்பது அலட்சியத்தால் அன்று. "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று நானும் அன்றாடம் கேட்டு அவர்களைத் துன்புறுத்தியிருக்கிறேன். 2021-இல் வந்த ஆய்வில், அவ்வாறு காத்திருந்தோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளாலேயே தேறினர். அவர்களுக்கு வடிப்பே தேவைப்படவில்லை.

என் ஆதங்கம் இதுதான்: மூக்குவழிக் குழாயில் உணவும், நரம்பில் மருந்தும், ஸ்கேனுமாகக் கழிந்த அந்த வாரங்களில், என் தம்பியின் குடியைப் பற்றி அவனிடம் ஒருவரும் அமர்ந்து பேசவில்லை. தொடக்கத்தில் வந்த கைநடுக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். வீடு திரும்பும்போது தந்த தாளில் "மது அருந்தக் கூடாது" என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவே. சில மாதங்களில் அவன் மீண்டும் குடித்தான். வலியும் மீண்டும் வந்தது. குடிநோய் மனவுறுதிக் குறைவு அன்று, மருந்தும் ஆலோசனையும் தேவைப்படும் நோய் என்பதை நாங்கள் மிகத் தாமதமாகவே அறிந்தோம். மதுவால் கணைய அழற்சி கண்டவர்களோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செவிலியர் தொடர்ந்து பேசியபோது, ஒரே ஒருமுறை மட்டும் அறிவுரை பெற்றவர்களைவிட அவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்ததை ஃபின்லாந்து ஆய்வொன்று 2009-லேயே பதிவுசெய்திருக்கிறது.

ஆகவே, உறை முதிரக் காத்திருக்கும் நாட்களில், நோயாளி பேசும் நிலைக்கு வந்தவுடன் மனநல மருத்துவர் அவரது படுக்கைக்கே வர வேண்டும். உலோக ஸ்டென்ட் அதிக நாள் இருந்தால் இரத்தக்கசிவு நேரலாம் என்பதால், அதை அகற்றச் சில வாரங்களில் நோயாளி எப்படியும் திரும்பி வருவார். அந்தத் தேதியை எழுதித் தரும் அதே தாளில், குடிநோய் ஆலோசனைக்கு வர வேண்டிய தேதியையும் மருத்துவர்கள் எழுதித் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி