ரம்யாவுக்கு, சுவரின் மேல் நடந்ததைப் பற்றி

திருச்சி

அன்புள்ள ரம்யா,

உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க எனக்கு அர்ச்சனை. 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரில் வரும் ரெய்னர் ஒரு துரோகி என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லையாம். திறந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பாய். அந்த ஜப்பானிய அனிமேயின் முதல் சீசன் 2013-இல் முடிந்து, இரண்டாவது சீசன் வர 2017 ஆகிவிட்டது. அதற்குள் உனக்குக் கல்யாணம், மஸ்கட், குழந்தை என்று உலகமே மாறிவிட்டது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, மகன் தூங்கிய பிறகு ஆறாவது, ஏழாவது எபிசோடுகளை ஒரே மூச்சில் பார்த்துவிட்டாய் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுதி மாடியில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச இப்போது எனக்கு உன்னைத் தவிர யாரும் மிச்சமில்லை.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கைத்தடியோடு சமையலறை வரை வந்து, நான் வைக்கும் சாம்பாரில் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணோடு தினமும் வாக்குவாதம். நான் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு மெய்ப்புத் திருத்தும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் குறைவு, தலைவலி அதைவிடக் குறைவு. தம்பிக்கு வரன் பார்க்கிறோம், ஜாதகத்தில் இழுத்துக்கொண்டே போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய ரகசியத்தை ரெய்னர் ஏன் இப்படி அலட்சியமாகப் போட்டு உடைத்தான் என்று கேட்டிருக்கிறாய். அந்த ஆறாவது எபிசோடை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணமே அந்த அலட்சியம்தான்.

காட்சியை இன்னொரு தடவை மனத்தில் ஓடவிடு. மனிதரைத் தின்னும் டைட்டன்களுக்குப் பயந்து சுவர்களுக்குள் ஒடுங்கிய உலகம். அவற்றோடு போரிடும் படையில் நாயகன் எரனும் ரெய்னரும் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். சிலரால் தாங்களே டைட்டனாக மாற முடியும், எரனும் அப்படித்தான். ஐம்பது மீட்டர் உயரச் சுவரின் மேல் எல்லாரும் நிற்கிறார்கள். சுவரில் ஓட்டை எதுவும் இல்லை என்று காவல் வீரர் ஹானஸ் வந்து சொல்கிறார். ட்ராஸ்ட் நகருக்குத் திரும்பிக் காத்திருப்போம் என்று படையை நடத்தும் ஹாஞ்சி முடிவெடுக்கிறார். கதை அந்தப் பக்கம்தான் நகர்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு ஓரத்தில் ரெய்னர் எரனைக் கூப்பிட்டு, ஐந்து வருடங்களுக்கு முன் சுவரை உடைத்தது நாங்கள்தான், நான் கவச டைட்டன் என்கிறான், கூட்டாளி பெர்டோல்டைக் காட்டி இவன் ராட்சத டைட்டன் என்கிறான். பின்னணி இசை இல்லை. முகத்தை நெருங்கிக் காட்டி அதிரவைக்கும் வேலையும் இல்லை. அவனுக்குக் குரல் கொடுத்த யொஷிமாசா ஹொசொயா தொனியை ஒரு இம்மிகூட உயர்த்தவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் ஒருவன் இன்னொருவனிடம் பழைய கடனை நினைவுபடுத்துவதுபோல் சொல்கிறான். பக்கத்தில் நிற்கும் பெர்டோல்டுக்குத்தான் வியர்த்துக் கொட்டுகிறது.

வில்லன் முகமூடியைக் கழற்றும்போது சிரிக்க வேண்டும், நீளமாக விளக்க வேண்டும், நம்மை ஏமாளி என்று சொல்லிக் காட்ட வேண்டும் என்று பல தொடர்கள் நம்மைப் பழக்கிவிட்டன. இங்கே சொல்பவன் களைத்துப்போனவன். கூடவே வந்துவிடு, இனி சுவர்களை உடைக்கத் தேவையிருக்காது என்று எரனிடம் கேட்கிறானே, அதில் தந்திரத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம். மூன்று வருடம் இவர்களோடு உண்டு உறங்கிப் பயிற்சி எடுத்ததில், தான் யார் என்பதே அவனுக்குக் குழம்பிவிட்டது. திட்டமிட்டு வேளை பார்த்துச் சொல்லவில்லை. தாங்க முடியாமல் சொல்லிவிட்டான்.

நீ எழுதியதில் ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அவன் காட்டிய அன்பெல்லாம் நடிப்பு என்கிறாய். அவன் கையைக் கவனித்தாயா? உத்கார்ட் கோட்டையில் அந்த இரவு, சக வீரன் கோனியைக் காப்பாற்றப் பாய்ந்து, டைட்டனின் வாயில் தன் கையைக் கொடுத்தான். கடித்த பிடியை விடாத அந்தப் பிராணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, அதோடு சேர்ந்து ஜன்னலுக்கு வெளியே விழத் தயாரானான். பிறகு கூட இருந்த கிறிஸ்டா தன் பாவாடைத் துணியைக் கிழித்துக் காயத்துக்குக் கட்டுப் போட்டாள். சுவரின் மேல், இங்கேயே இப்போதே முடித்துவிடலாம் என்று அவன் தீர்மானிக்கும்போது அவிழ்ப்பது அந்தக் கட்டைத்தான். அடியில் காயம் ஆவி பறக்க ஆறிக்கொண்டிருக்கிறது. ஹிரோயுகி சவானோவின் இசை அந்த இடத்தில்தான் பொங்கி வருகிறது. நண்பனுக்காகக் கொடுத்த கையும் துரோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கையும் ஒன்றே. நடிப்பாக இருந்திருந்தால் நமக்குக் கோபம் மட்டும் வந்திருக்கும், வயிற்றைப் பிசைந்திருக்காது.

அதற்காக நான் அவனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதே. முதல் எபிசோடில் ராட்சத டைட்டன் உதைத்து உடைத்த வாசலின் கல் விழுந்துதான் எரனின் வீடு நொறுங்கியது, அவன் அம்மா அதன் அடியில் சிக்கினாள். அதைச் செய்தவர்கள், அதே எரன் பயிற்சியில் தடுமாறிய நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குத் தைரியம் சொன்னார்கள். இதை எந்தக் களைப்பும் கழுவிவிடாது.

எரனும் அந்தக் கணத்தில் முழு அப்பாவி இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. பெண் டைட்டன் என்று முன்பே அம்பலமான ஆன்னியோடு இந்த இரண்டு பேருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவன் நண்பன் ஆர்மினும் ஹாஞ்சியும் முன்பே அவனிடம் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் "உனக்குக் களைப்பு, ஏதோ உளறுகிறாய்" என்று ரெய்னருக்கே சாக்குத் தேடிக் கொடுக்கிறான். சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நம்ப ஆசைப்படுகிறான். அவனோடு வளர்ந்த மிகாசாவுக்கு அந்தப் பலவீனம் இல்லை. காதில் விழுந்ததும் வாளோடு பாய்ந்துவிட்டாள். ரெய்னரின் கை துண்டாகிறது, பெர்டோல்டின் கழுத்தில் ஆழமான வெட்டு. இன்னும் ஒரு விரற்கடை ஆழமாக இறங்கியிருந்தால் கதையே வேறு.

ஏழாவது எபிசோடில், டைட்டனாக மாறிய எரனும் ரெய்னரும் மோதும் சண்டைக்கு வருகிறேன். பலம் மட்டும் பேசியிருந்தால் அது இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். எரன் ஓங்கி அடித்தால் அவன் முஷ்டிதான் சிதறுகிறது, மிகாசாவின் கத்திகள் கவசத்தில் பட்டு முறிகின்றன. அடிபட்டுக் கிடக்கும்போதுதான் அவனுக்குப் பயிற்சி மைதானம் நினைவுக்கு வருகிறது. காலை வாரி விடுவதையும் பிடி போட்டு நெரிப்பதையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் ஆன்னி. அவளும் ரெய்னரின் ஆள்தான்! முழங்காலின் பின்புறத்தில் கவசம் இருந்தால் காலை மடக்க முடியாது என்று ஹாஞ்சி கண்டுபிடித்துச் சொல்ல, மிகாசா சரியாக அங்கே வெட்டுகிறாள். கழுத்துப் பிடி இறுகி, கவசம் விரிசல் விடும் சத்தம் கேட்கும்போது நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். ஒற்றன் வீட்டுக்குள் மூன்று வருடம் தங்கினால் வீட்டாரும் அவனிடமிருந்து எதையாவது கற்றுக்கொள்வார்கள் என்பதை அவன் யோசிக்கவில்லை.

ஆனால் ரெய்னர் அடி வாங்கிக்கொண்டே சுவரின் பக்கமாக நகர்ந்ததை நான் முதல் முறை கவனிக்கவில்லை, நீயும் கவனித்திருக்க மாட்டாய். தோற்கிறான் என்று நாம் கொண்டாடும்போது சரியான இடத்துக்கு வந்து சேர்ந்து, ஒரு கத்துக் கத்துகிறான். ராட்சத டைட்டனாக மாறிய பெர்டோல்டின் அறுபது மீட்டர் உடம்பின் மேல்பாதி சுவரிலிருந்து பெயர்ந்து அவர்கள் தலைமேல் விழுகிறது. ஜெயித்த சண்டை ஒரே கணத்தில் கைநழுவிப் போவதை இவ்வளவு கொடுமையாக நான் அதிகம் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. ராட்சத டைட்டனைக் கணினியில் செய்திருப்பது கண்ணை உறுத்துகிறது. கையால் வரைந்த உடல்களுக்கு நடுவே அது ரப்பர் பொம்மைபோல் நிற்கிறது. தொடரைத் தயாரித்த விட் ஸ்டூடியோ முதல் சீசனில் அதே உருவத்தைக் காட்டி நம்மை மிரட்டியது, அதனால் இன்னும் எரிச்சல். பெர்டோல்டுக்கும் வியர்ப்பதைத் தவிர வேறு வேலை கொடுத்திருக்கலாம்.

நேரம் இருந்தால் முதல் சீசனில் பெண் டைட்டன் துரத்தும் பகுதியை மறுபடி பார். அவள் பிடியில் சிக்கிய ரெய்னர் வெட்டிக்கொண்டு வெளியே குதிக்கிறானே, அதற்குப் பிறகு அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் திசை மாற்றுகிறாள். நாம் அன்று கைதட்டினோம். அவன் வெட்டியது தப்பிக்க மட்டும் இல்லை, எரன் இருக்கும் இடத்தை அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டவும்தான்.

இரண்டாவது சீசனில் இன்னும் ஐந்து எபிசோடுகள் இருக்கின்றன. கடைசி எபிசோடை வேலை நாள் இரவில் பார்க்காதே, மறுநாள் எழுந்திருக்க முடியாது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ரெய்னரை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நான்காவது சீசன் முடித்துவிட்டு அதே வரியை மறுபடி எழுதி அனுப்பு, ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
திவ்யா