சனிக்கிழமை அடைத்திருக்கும் கதவு: கொச்சிக்குப் பயணக் குழுக்களை அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டிலிருந்தும் மதுரை வட்டாரத்திலிருந்தும் கொச்சிக்கு இரண்டு நாள் பயணக் குழுக்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு திருப்பூரிலிருந்து புறப்பட்ட பேருந்தில் நானும் என் மனைவியும் சென்றோம். மறுநாள் காலை மட்டாஞ்சேரியில் யூதத் தெருவின் முனையில் எங்களை இறக்கிவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்த "யூதர் ஆலயம்" அடைத்திருந்தது. உடன் வந்த வழிகாட்டி, இன்று விடுமுறை போலிருக்கிறது, கடைகளைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் வந்துவிடுங்கள் என்று சொன்னார். நாற்பது பேரும் நறுமணப் பொருள்களையும் பழைய பித்தளைச் சாமான்களையும் விலை கேட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினோம். அன்று சனிக்கிழமை, வெள்ளி மாலை பொழுது சாய்ந்ததும் தொடங்கிச் சனி இரவு விண்மீன்கள் தெரியும்வரை யூதர்கள் காக்கும் ஓய்வுநாள் அது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கதவு எதற்காக அடைத்திருக்கிறது என்று ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால், உள்ளே போக முடியாமலேயே எங்கள் குழு யூத சமயத்தின் ஆழமான வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொண்டு திரும்பியிருக்கும்.

அதன் பிறகு நான் பலமுறை தனியாகப் போய் வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையிலும், அந்த ஊர்களின்மேல் தீராத பற்று வைத்திருப்பவன் என்ற முறையிலும் உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கேரள யூதர்களின் வரலாற்றை ஒரு தெருவும் ஒரு கட்டடமுமாகச் சுருக்கிக் காட்ட வேண்டாம். அதற்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் மாற்றம் மிக எளியது: நாள்களின் வரிசையை மாற்றுங்கள். சனிக்கிழமை கொச்சிக்கு வடக்கே உள்ள சேந்தமங்கலத்துக்கும் பறவூருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

சேந்தமங்கலம், பறவூர் ஆகிய இரண்டு ஊர்களின் யூதப் பள்ளிகளும் (அங்கே தொழுகைக் கூடத்தை மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்) இன்று வழிபாடு இல்லாதவை. கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தின்கீழ் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகங்களாக இருப்பதால், ஓய்வுநாளிலும் அவற்றைப் பார்க்கலாம். திங்கட்கிழமை மட்டும் தவிர்க்க வேண்டும். பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே உள்ள சேந்தமங்கலத்தில் யூதப் பள்ளியும் கோயிலும் மசூதியும் கிறித்தவ ஆலயமும் நடந்து போகும் தொலைவுக்குள் இருக்கின்றன. கொச்சி அரசரின் அமைச்சர்களாக விளங்கிய பாலியத்து அச்சன்மாரின் ஊர் அது. யூதர்கள் அங்கே அவர்களுடைய ஆதரவில் வாழ்ந்தார்கள். பள்ளியின் முன்புறத்தில் ஒரு கல் நிற்கிறது. இஸ்ரவேலின் மகள் சாரா என்னும் பெண்ணின் கல்லறைக் கல் அது. அதன் காலம் 1269. இந்தியாவில் கிடைத்துள்ள எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாகக் கருதப்படும் அந்தக் கல், கொடுங்கல்லூரிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பார்கள். அந்த ஊர்ப்பக்கம் வரும் தமிழ்க் குழுக்கள் கைத்தறி வேட்டி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். சாராவின் கல்லின் முன் நின்ற ஒரு குழுவைக்கூடப் பார்த்ததில்லை.

பறவூரின் பள்ளி 1616-இல் கட்டப்பட்டது. அதைக் கட்டியவரின் பெயரைத் தமிழ்ப் பயணிகளிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார். கொச்சி அரசர்கள் யூதர்களின் தலைவருக்கு அளித்த பட்டம் முதலியார் என்பது. தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் நுழைய முடியாது. வாயில் மாளிகையைக் கடந்து, தூண்கள் வரிசையாக நிற்கும் நடைவழியில் நடந்து, பிறகுதான் கூடத்தை அடைய வேண்டும். நம் கோயில் அமைப்பு பழகிய கண்களுக்கு அந்த நடை புதிதாக இருக்காது. உள்ளே, கூடத்தின் நடுவில், யூதர்களின் மறைநூலான தோராவை வாசிப்பதற்கான மேடை இருக்கும். மேல்தளத்திலும் பெண்கள் பகுதிக்கு முன்பாக இன்னொரு மேடை இருக்கும். இப்படி இரண்டு மேடைகள் அமைப்பது கேரள யூதப் பள்ளிகளுக்கே உரிய வழக்கம். தச்சு வேலையும் ஓட்டுக்கூரையும் கேரளத்துடையவை, வழிபாடு எபிரேயத்துடையது. நேரம் இருந்தால் மாளா என்னும் ஊருக்கும் போகலாம். அங்கிருந்த யூதர்கள் இஸ்ரேலுக்குப் புறப்படும்போது பள்ளியையும் இடுகாட்டையும் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார்கள்.

இவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வி பேருந்தில் கட்டாயம் எழும். அதற்கு வழிகாட்டிகள் சொல்லும் பதில் பல நேரங்களில் தவறாக இருக்கிறது. நெடுங்காலமாகக் கேரளத்தில் வாழ்ந்த மலபார் யூதர்களை இந்த மண்ணின் மக்கள் நாட்டைவிட்டு விரட்டவில்லை. அவர்களைப் பெரிதும் துன்புறுத்தியவர்கள் போர்த்துகீசியர். 1662-இல் மட்டாஞ்சேரிப் பள்ளியைச் சேதப்படுத்தியவர்களும் அவர்களே. 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு, சமயப் பற்றினால் புனித நாட்டுக்குத் திரும்ப விரும்பி, 1950-களில் பெரும்பாலோர் குடிபெயர்ந்தார்கள். பாலைவன ஓரத்தில் உள்ள நெவாத்திம் போன்ற குடியிருப்புகளில் அவர்கள் வேளாண்மை செய்யக் கற்றுக்கொண்டு வாழத் தொடங்கினார்கள். போகும்போது பெண்கள் தங்கள் பாட்டுக் குறிப்பேடுகளையும் கொண்டுபோனார்கள். திருமணத்துக்கும் திருநாளுக்கும் யூதப் பெண்கள் பாடிய அந்தப் பாடல்கள் மலையாளத்தில் அமைந்தவை. மலையாள எழுத்திலேயே எழுதிவைக்கப்பட்டவை.

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்கு வரும்போது ஒரு சொல்லைப் பற்றி உங்கள் வழிகாட்டிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்குள்ள பள்ளியின் பெயர் பரதேசிப் பள்ளி. இந்தப் பெயரைச் சொன்னதும் பேருந்தில் சிரிப்பு எழுவதை நான் கேட்டிருக்கிறேன். வழிகாட்டியும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு வருத்தம். நம் பேச்சில் வசையாகிவிட்ட அந்தச் சொல்லுக்கு வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்பதே பொருள். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தோரும் பிற நாடுகளிலிருந்து வந்தோரும் சேர்ந்து 1568-இல் எழுப்பிய கூடம் அது. அதற்கு நிலம் தந்தவர் கொச்சி அரசர். அரண்மனைக் கோயிலின் சுவரை ஒட்டியே அந்த நிலம் இருக்கிறது. வீடிழந்து வந்தவர்களுக்கு ஓர் அரசர் தன் கோயில் சுவரருகே இடம் கொடுத்ததைச் சொன்னால், பேருந்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

உள்ளே தரையில் பதித்திருக்கும் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் ஒவ்வொன்றும் கையால் வரையப்பட்டவை. 18-ஆம் நூற்றாண்டில் எசேக்கியேல் ரகாபி என்னும் வணிகர் அவற்றைத் தருவித்தார். மணிக்கூண்டும் அவர் காலத்ததே. இவற்றையெல்லாம் வழிகாட்டிகள் தவறாமல் காட்டிவிடுகிறார்கள். செப்பேடுகளைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கேட்கிறேன். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்) ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வழங்கிய சாசனம் அது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும், பகல் விளக்கு, பாவாடை (நடந்து வர விரிக்கும் துணி), பல்லக்கு, குடை முதலிய 72 சிறப்புரிமைகளும் அதில் தரப்பட்டுள்ளன. உலகும் சந்திரனும் உள்ளவரை அவை அவருடைய வழியினருக்குச் செல்லும் என்பது ஆணை. அதன் எழுத்து வட்டெழுத்து. அதன் மொழி, மலையாளம் தமிழிலிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்தது. அதைப் படித்துக் காட்டினால் நம் பயணிகளில் பலருக்குப் பாதிக்குமேல் புரியும். நான் என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டியபோது புரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒரு குழுவுக்கு இதைவிட நெருக்கமான வாசல் கிடைக்காது.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். அந்தக் கூடத்துக்குள் ஏற்றத்தாழ்வு இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று சொல்லப்பட்ட யூதர்களுக்கு இருக்கையில் அமரும் உரிமை மறுக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிப் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார். தடைகள் படிப்படியாக நீங்கின. கோயில் நுழைவுப் போராட்டங்களை அறிந்த நமக்கு இது புரியாத கதையாகாது. "வெள்ளை யூதர், கறுப்பு யூதர்" என்று வழிகாட்டிகள் இன்றும் சொல்லும் பிரிவினை அந்தப் பழைய காயத்திலிருந்து வந்தது. அந்தச் சொற்களைக் கைவிட்டு, மலபார் யூதர், பரதேசி யூதர் என்றே சொல்லச் சொல்லுங்கள்.

மட்டாஞ்சேரியிலேயே வீடுகளுக்கு நடுவே நெகேமியா மோத்தா என்னும் யூதக் கவிஞர், ஞானியின் கல்லறை இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பெரிய பேருந்து அந்தச் சந்துக்குள் போகாது. பத்துப் பத்துப் பேராக அமைதியாக நடந்து போகலாம். இடுகாடுகளில் நின்று படம் எடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். யூதர்கள் கல்லறையில் பூவுக்குப் பதிலாக ஒரு சிறு கல்லை வைப்பார்கள். விரும்புகிறவர்கள் அப்படிச் செய்யலாம்.

உங்களில் சிலர் கிறித்தவ யாத்திரிகர்களை எருசலேமுக்கும் அழைத்துச் செல்கிறீர்கள். அமைதியான காலத்தில் அப்படிப் போகும்போது, அங்குள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியிலிருந்து கொண்டுபோன மரக்கூரையும் உள்ளமைப்பும் அங்கே அப்படியே நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. அவை இருந்த மட்டாஞ்சேரிக் கட்டடம் 2019-இல் மழைக்குப் பிறகு ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கொச்சியை ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போன யாத்திரிகர், அந்தக் கூரையின்கீழ் நிற்கும்போது அதன் மரமும் செதுக்கலும் எந்த ஊருடையவை என்று தாமே சொல்வார்.

எர்ணாகுளத்தின் கடவும்பாகம் பள்ளிக்கு, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அதன் முகப்பில் வண்ண மீன்களும் செடிகளும் விற்கிறார்கள்; கடை என்று நினைத்து விலகிப் போய்விடாதீர்கள், அதைக் கடந்தால் உள்ளே கூடம். எல்லாப் பள்ளிகளிலும் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். பரதேசிப் பள்ளியில் செருப்பை வெளியே விட வேண்டும். மேற்சொன்ன வரிசைப்படி இரண்டு நாள்களுக்கான நேரக் குறிப்பையும், வழிகாட்டிகள் படித்துக்கொள்ள நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பையும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் ஏற்பாட்டாளர் எவருக்கும் கட்டணமின்றித் தருவேன். முதல் குழுவுடன் வரவேண்டும் என்றால், என் செலவில் நானே வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திருப்பூர்